வெள்ளை நூல் கட்டிய செடி

“நுனியக் கடிச்சுட்டு ஏமாந்துடாத. காம்புப் பக்கம் கடி. நல்லா மெல்லு. அவசரப்பட்டு முழுங்காத.”

கண்ணைத் திறக்காமலே உத்தரவு போட்டாள் அண்ணி. கட்டிலை ஒட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள் இவள். அண்ணி என்றால் இவள் கணவனின் அக்கா. இவள் கையில் சுண்டுவிரல் நீளத்துக்கு, இரண்டு விரல் பருமனில், சிவப்பாக ஒரு மிளகாய். ஆனது ஆகட்டும் என்று காம்புப் பக்கமாக ஒரு துண்டைக் கடித்தாள். முதல் மெல்லலில் ஒன்றுமே இல்லை. வெறும் தண்ணீர்ச் சுவை. அட, இதுதான் போலிருக்கிறதே என்று மனசு எழுந்து உட்காரும் நேரத்தில் நாக்கின் அடியில் ஒரு பொறி விழுந்தது. அடுத்த மெல்லலில் அது காது வரைக்கும் போயிற்று.

“ம்?” என்றாள் அண்ணி.

“காரம் அண்ணி.”

“எவ்வளவு?”

“மூக்கு ஒழுகுது. போதுமா?”

“தோலு எப்படி?”

“நாக்கே எங்க இருக்குன்னு தெரியல, தோல எங்க போய்த் தேடறது?”

“நாக்குல தேடாத. மேலண்ணத்துல ஒட்டுதா பாரு.”

இவள் வாய்க்குள் துழாவினாள். ஒட்டத்தான் செய்தது, மெல்லிய சவ்வு போல. சொன்னாள். அண்ணி ஒரு பெருமூச்சு விட்டு, “நீல நூலும் போச்சு. பாலக் குடி, போ. தண்ணி குடிக்காத, அது இன்னும் பரப்பி விட்டுடும்” என்றாள்.

ஒரு மிளகு பல்லில் பட்டாலே விக்கல் எடுக்கிற பிறவி இவள். இந்த வீட்டில் எது சமைத்தாலும் இவளுக்கென்று காரம் போடாமல் கொஞ்சம் தனியாக எடுத்து வைப்பதுதான் வழக்கம். அப்படிப்பட்டவளைப் பிடித்து மிளகாய் ருசி பார்க்க வைத்தால் எப்படி? ஆனால் வேறு வழியில்லை. அண்ணியின் நாக்கை மருந்து சாப்பிட்டுவிட்டது. “எனக்கு இப்ப தேனும் ஒண்ணு, வேப்பங்கொட்டையும் ஒண்ணு” என்பாள். தம்பியிடம் கேட்கலாம்தான். அவனுக்கு மேல்வாய் முழுக்கப் பல்செட். அண்ணத்தை அது மூடிக்கொண்டிருப்பதால் பாதி ருசிதான் தெரியும். அதோடு இன்னொரு காரணமும் அண்ணி சொன்னாள்.

“அவன் என் மூஞ்சியப் பார்த்துட்டுப் பொய் சொல்லுவான். நீ சொல்லமாட்ட. வந்த புதுசுல, நான் ஆசையா சமைச்சு வெச்சத வாயில வெச்சுட்டு, உப்புக் கடல்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவ நீ. அன்னிக்கே நெனச்சேன், இவளால நமக்கு ஒரு உபயோகம் இருக்குன்னு.”

அண்ணியின் தொழில் பல்செட் செய்வது. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் பட்டறையில் உட்கார்ந்து மெழுகில் வார்த்து, பல் பல்லாகப் பதித்து, ராவி, மெருகேற்றிக் கொடுப்பாள். அந்தத் தெருவில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவேலை. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். போன சொல்லைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவள் அண்ணி. கல்யாணம் ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “என் கைக்கேத்த வாய் எதுவும் அமையல” என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

தம்பிக்கு இரும்புக் கதவு செய்கிற பட்டறை. கல்யாணத்துக்கு முன்பே, வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த கதவு ஒன்று சாய்ந்து முகத்தில் விழுந்ததில், மேல்வரிசையில் முன்பல் பின்பல் பாராமல் எல்லாம் போய்விட்டது. அக்காதான் செய்து கொடுத்தாள். பார்த்தால் யாரும் பல்செட் என்று சொல்ல முடியாது. இவளுக்கே கல்யாணமான பிறகுதான் தெரியும். அவனை இந்த உலகத்தில் ‘பொக்கை’ என்று கூப்பிட உரிமையுள்ள ஒரே ஜீவன் அக்கா.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பைத்தியம் உண்டு. சிவப்புக் குடைமிளகாயைப் பச்சையாக, ஆப்பிளைக் கடிப்பது போல, நறுக்நறுக்கென்று கடித்துத் தின்பான். பல்செட் வந்த பிறகு அது நின்றுபோனது. குடைமிளகாயின் தடித்த தோல் சதையிலிருந்து உரிந்து, சுருண்டு, பல்செட் தட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் போய் ஒட்டிக்கொள்ளும். நாலு பேர் நடுவில் வாயில் விரலை விட்டு எடுக்கவா முடியும்? அவன் ஒன்றும் சொல்லாமல் தின்பதை நிறுத்திவிட்டான். அண்ணி மட்டும் கவனித்தாள். தட்டை இழைத்துப் பார்த்தாள், விளிம்பை மாற்றிப் பார்த்தாள். ஒரு நாள் அரத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

“பல்ல மாத்த முடியலன்னா என்ன? காய மாத்திடுவோம்.”

இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போவோம். அவள் மறுநாள் கொல்லையைக் கொத்த ஆரம்பித்துவிட்டாள்.

காரமான மிளகாய்களில், தோல் இருப்பதே தெரியாமல் வாயில் கரைகிற ஒரு ரகம் உண்டு. குடைமிளகாயில் இனிப்பு உண்டு. இரண்டையும் சேர்த்து, இதன் தோலும் அதன் இனிப்பும் ஒரே காயில் வரவேண்டும். அதுதான் அவள் கணக்கு. மலராத மொட்டை, பல் பதிக்கிற சின்ன இடுக்கியால் திறந்து, உள்ளே இருக்கிற மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, மற்றச் செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைப்பாள். பிறகு வண்டு தேனீ எதுவும் வந்து காரியத்தைக் கெடுக்காமலிருக்கக் கொசுவலைத் துணியில் குட்டிக் குட்டிப் பைகள் தைத்துப் பூவுக்கு மாட்டிவிடுவாள். “கல்யாணமும் பண்ணி வெச்சு, திரையும் போட்டு வெக்கிறா எங்கக்கா” என்று தம்பி கிண்டலடிப்பான்.

அவள் தோட்டத்தைப் பார்க்க வேண்டும்! பழைய வாஷிங் மெஷின் டிரம்மில் தக்காளி. உடைந்த வாஷ்பேசினில் கீரை. பெயின்ட் டப்பாக்களில் கத்தரி. ஏணி மேல் ஏறிக் கூரையை எட்டிக்கொண்டிருக்கும் அவரை. எல்லாவற்றையும் விட, பாத்திகளின் ஓரங்களில் வரிசையாகப் பதித்திருக்கும் பிளாஸ்டர் தாடைகள். பல்செட் செய்து முடித்ததும் மிஞ்சுகிற அச்சுகளை அவள் தூக்கிப் போடுவதில்லை. மண் சரியாமல் இருக்க வரப்பாக வைத்துவிடுவாள். புதிதாக வருகிறவர்கள் அலறிவிடுவார்கள். மாடிவீட்டம்மா ஒருமுறை வெள்ளரிக்காய் வாங்க வந்து, குனிந்து பார்த்துவிட்டு, “ஏம்மா, இது என் தாடைதானே?” என்று கேட்டாள். “ஆமாம்மா. உங்கள நம்பித்தான் வெண்டைய விட்டிருக்கேன்” என்றாள் அண்ணி.

வருஷா வருஷம் செடி வைத்தாள். தோல் சரியாக வந்தால் காரம் போகாது. காரம் போனால் தோல் தடித்துவிடும். வந்ததில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பாள். இந்த வருஷத்துச் செடிகளில்தான், காயின் உருவத்தையும் நிறத்தையும் பார்த்து, “இதுல ஒண்ணு மாட்டிரும்” என்றாள். ஒவ்வொரு செடியையும் தனித் தொட்டியில் வைத்து ஒரு நிறத்தில் நூல் கட்டினாள். அதற்குள் வியாதி வந்துவிட்டது. கட்டிலைத் தோட்டத்து ஜன்னலை ஒட்டிப் போடச் சொல்லிப் படுத்துக்கொண்டாள். எந்தச் செடி என்று தெரிந்தால் அதிலிருந்து விதை எடுக்கலாம். தெரியாவிட்டால் இத்தனை வருஷ வேலையும் மண்ணோடு மண். தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. மஞ்சள் நூல், பச்சை நூல், சிவப்பு நூல் எல்லாம் காரம் என்று இவள் நாக்கு தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. இன்று நீல நூலும் போயிற்று. இனி வெள்ளை நூல் ஒன்றுதான். அதன் காய் இன்னும் பாதிதான் பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

“பழுக்காததக் கடிச்சா காரம் வேணா தெரியும். இனிப்பும் தெரியாது, தோலும் தெரியாது. இருக்கறதே ஒரு காய். அவசரப்பட்டுக் கெடுத்துடாத” என்று அதற்கும் உத்தரவு போட்டு வைத்திருந்தாள்.

பகல் பதினொரு மணி வாக்கில் நர்ஸ் வந்தாள். நாடி பார்த்தாள், ஊசி போட்டாள், கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது இவளிடம், “பாக்கணும்னு நெனக்கிறவங்கள இன்னிக்கே வரச் சொல்லிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சொல்லாமலே வந்தார்கள். எதிர்வீட்டு டெய்லர் கைத்தடியோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்று உடம்பு எப்படி என்று விசாரித்தார். அண்ணி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கீழ்த்தட்டு ஆடுதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நீ உன் உடம்பப் பாரு.”

“பேசறப்ப டக்டக்குன்னு சத்தம் வருது, ஒண்ணுமில்லயாம்! ஈறு சுருங்கிப் போச்சு உங்களுக்கு. இப்படியே விட்டீங்கன்னா புண்ணு வந்துடும். என் பட்டறைல வேல கத்துக்கற பொண்ணுகிட்டக் கொடுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க. அடில ஒரு பூச்சு கொடுத்தாப் போதும்.”

டெய்லர் தலையை ஆட்டினார். வாசலுக்கு வந்ததும் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சாகக் கிடக்கிறவள் தன் ஈறு சுருங்கியதைக் கண்டுபிடித்தால் மனிதர் என்னதான் செய்வார்? இவளுக்கு அண்ணியை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கொஞ்சம் நோயாளி மாதிரி நடந்துகொண்டால்தான் என்ன குறைந்துவிடும்!

கணவன் பட்டறைக்குப் போகவில்லை. அக்கா இருக்கிற அறைக்குள்ளும் போகவில்லை. காலையிலிருந்து வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தான். மத்தியானம் இவளைக் கண்ணால் அடுக்களைக்குக் கூப்பிட்டான்.

“வெள்ளை நூலு எப்படி இருக்கு?”

“பாதிதான் சிவந்திருக்கு. இன்னும் ரெண்டு நாளாவது ஆகும்.”

“அக்காவுக்கு ரெண்டு நாள் இல்லியே.”

அவன் மேடையில் கிடந்த கரண்டியை எடுத்து, இருந்த இடத்திலேயே மறுபடி வைத்தான்.

“இனிப்புன்னு சொல்லிடு.”

“என்னங்க பேசறீங்க?”

“எல்லாம் எனக்காகத்தானே. ஒரு காய நான் திங்கறத நிறுத்தினேன்னு, பாதி ஆயுச அந்தக் கொல்லையில கொட்டியிருக்கு எங்கக்கா. ஒரு வார்த்தை. அதக் கேட்டுட்டு நிம்மதியாப் போகட்டும்.”

“சொன்னா, அந்தச் செடில விதை எடுத்து வெக்கச் சொல்லுவாங்க.”

“எடுக்கறாப்ல எடு. அப்புறம் யாரு பாக்கப் போறா?”

யாரு பாக்கப் போறா. அந்த வார்த்தை இவளுக்கு எங்கேயோ தைத்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை. ஒரு சின்னப் பொய். யாருக்கு நஷ்டம்? கண்மூடப் போகிறவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் நாக்கு அழுகிவிடுமா? சொல்லிவிடலாம் என்றுதான் இவளுக்கும் பட்டது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அவன் திரும்பி வந்ததும் அடுக்களையில் கத்திச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், காலையிலிருந்து எட்டிப் பார்க்காதவன், ஒரு தட்டோடு நேராக அக்காவின் அறைக்குள்ளேயே வந்துவிட்டான். தட்டில் சிவப்பாகத் துண்டுகள்.

“அக்கா, வெள்ளை நூலு பழுத்துடுச்சு!”

குரலில் அப்படி ஒரு குதூகலம். அண்ணி மெதுவாகக் கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்து, “சாப்பிட்டுச் சொல்லு” என்றாள்.

இவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். ஐயோ, என்ன சுகம்! காரத்தில் வெந்துபோயிருந்த வாயில் குளிர்ச்சியாகச் சாறு இறங்கியது. பொறி விழுமோ விழுமோ என்று நாக்கு தானாகச் சுருங்கிக் காத்திருந்தது. எதுவும் விழவில்லை.

“எப்படி?”

“இனிப்பு அண்ணி.”

அது உண்மைதான். கணவன் மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

“தோலு?”

இவள் மென்றுகொண்டே இருந்தாள். சதையெல்லாம் கரைந்து போன பின்னும் தோல் ரப்பர் மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது. அவன் அக்காவின் தலைமாட்டில் நின்றுகொண்டு கண்ணாலேயே கெஞ்சினான். அண்ணியோ இவள் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஆசை இல்லை, பயம் இல்லை. பட்டறையில் ஒரு பல்லைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கிற அதே பார்வை. இந்தப் பார்வைக்கு முன்னால் போய் எதைச் சொல்வது?

“ஒட்டுது அண்ணி. தடிமன். இது நம்ம செடிக் காய் இல்ல. கடைக் காய்.”

கட்டிலில் ஏதோ சத்தம் வந்தது. மூச்சு முட்டுகிறதோ என்று இவள் பதறி எழுந்தாள். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். இருமலும் சிரிப்புமாக வந்தது.

“டேய் பொக்கை. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாங்கன்னு கேட்டிருக்கேன். நீ குடைமிளகாயக் கொண்டுவந்து மிளகாயில மறைக்கிறியா? காலையிலருந்து இந்த ஜன்னல் வழியா எதடா பாத்துட்டுக் கெடக்கேன் நான்? அந்தா தொங்குது பாரு, உன் வெள்ளை நூலு!”

அவன் ஜன்னலைப் பார்த்தான். காய் தொங்கத்தான் செய்தது. பாவம், அவ்வளவு பெரிய ஜன்னல் அங்கே இருப்பதையே அவன் யோசிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“ஒண்ணாவது இனிச்சிருக்கலாமில்லக்கா” என்றான். அதற்கு மேல் அழுகை.

அண்ணி அவன் தலையில் கையை வைத்தாள். கை கனக்கவே இல்லை, காகிதம்போல் கிடந்தது.

“உனக்காகத்தான் ஆரம்பிச்சேன், அது வாஸ்தவம். ரெண்டு மூணு வருஷத்துல உன்ன மறந்துட்டேன்டா. நெசமாத்தான் சொல்றேன். அதுக்கப்புறம் எல்லாம் அந்தக் காய்க்காகத்தான். வெதை போட்டுட்டு, என்ன வரப்போவுதுன்னு தெரியாம ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன் பாரு, அதுமாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வேற எதுலயும் கெடைக்கல. நீ என்னமோ நான் தியாகம் பண்ணின மாதிரி மூஞ்சிய வெச்சுக்காத. எழுந்து போய் மூக்கச் சிந்து.”

அவன் எழுந்து போனான். நிஜமாகவே மூக்கைச் சிந்தும் சத்தம் கொல்லைக் குழாயடியில் கேட்டது.

“அவன் கண்ணால கெஞ்சினான், பாத்தேன்” என்றாள் அண்ணி. “நீ சொல்லியிருந்தா நானும் நம்பின மாதிரி நடிச்சிருப்பேன். ஆனா அப்புறம் உன்கிட்ட ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டேன்.”

“என்ன சொல்லப் போறீங்க?”

“வெள்ளை நூலு காரமா இருந்தாலும் பிடுங்கிப் போட்டுடாத. காரம் சத்தம் போடற ரகம். இனிப்பு அமுக்கமா இருக்கும். ரெண்டும் ஒரே காய்க்குள்ள இருந்தா காரம் மட்டுந்தான் வாயத் திறக்கும். அதோட விதையப் போட்டா, வர்ற பத்துச் செடில ஒண்ணு ரெண்டுல இனிப்பு தனியா வெளிய வரும். தோலப் பாரு. தோலுதான் முக்கியம். தோலு சரியா இருந்தா விட்டுடாத.”

“யாரு அண்ணி ருசி பாக்கறது? நானா? வருஷா வருஷமா?”

“பின்ன? அந்தப் பொக்கையா?”

பேசியதில் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். சாயங்காலம் வெயில் இறங்கியதும், “செடிங்க வாடுது” என்று முனகினாள். இவள் போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டாள். அண்ணி படுத்த நாளிலிருந்து இது வழக்கமாகியிருந்தது. இவள் ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பாள். அங்கிருந்து கை சொல்லும்: இன்னும் கொஞ்சம், அடுத்தது, வேரில் விடு, இலையில் விடாதே. தக்காளிக்கு விட்டாள், கை அசைந்தது. கத்தரிக்கு விட்டாள், அசைந்தது. மிளகாய்க்கு வந்து கொஞ்சம் கூடுதலாகவே விட்டாள். ஜன்னலில் கை உயர்ந்து, விரலை விரித்து, போதும் என்றது. பிறகு ஜன்னல் விளிம்பில் படிந்தது. இவள் குழாயை மூடினாள். அவரைக்கு விட வேண்டுமா என்று நிமிர்ந்து பார்த்தாள். கை அங்கேயே இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஈரக் காலோடு உள்ளே ஓடினாள்.

ஊரிலிருந்து அண்ணியின் தங்கை வந்து சேர வேண்டியிருந்ததால் ஒரு நாள் தள்ளி எடுப்பதாக முடிவானது. கூடம் நிறைந்து, வாசல் நிறைந்து, தெருவிலும் ஆட்கள் நின்றார்கள். வந்தவர்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அந்தப் பொத்தின கைக்குள்ளே இருந்ததும் பாதிக்குப் பாதி அண்ணி கைவேலைதான். இவள் நிற்க நேரமில்லாமல் நாற்காலி எடுத்துப் போடுவதும், காபி கலப்பதும், வந்தவர்களுக்குப் பதில் சொல்வதுமாக இருந்தாள். அழவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். ஒரு கிழவி இன்னொருத்தியிடம், “நாத்தனா போனா யாருக்கு என்ன வலி? வீடு விடிஞ்சுதுன்னு இருப்பா” என்று சொன்னது காதில் விழுந்தது. அந்தக் கிழவிக்கும் ஒரு டம்ளர் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கொல்லைப் பக்கம் சாமான் நகரும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். கணவனின் பட்டறை ஆட்கள், நாற்காலி போட இடமில்லையென்று, தொட்டிகளைத் தூக்கிச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வெள்ளை நூல் தொட்டியைக் காதைப் பிடிப்பது போலத் தண்டைப் பிடித்துத் தூக்கப் போனான்.

“ஐயையோ, அத விடுங்க!”

இவள் போட்ட கத்தலில் கூடத்தில் ஒப்பாரியே நின்றுபோனது. ஓடிப்போய்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். இலைகளுக்கு அடியில் காய் பத்திரமாக இருந்தது. முந்தாநாள் பாதிதான் பழுத்திருந்தது, இப்போது காம்படி வரைக்கும் சிவந்து மினுமினுத்தது. ஒரு புள்ளி பச்சை கிடையாது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அண்ணி கிடக்கிறாள், இவள் மிளகாய்ச் செடியைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். காயைப் பறித்தாள். காம்புப் பக்கமாகக் கடித்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. இரண்டாவது மெல்லலில் இனிப்பு மாதிரி ஏதோ ஒன்று லேசாக வந்து போயிற்று. தோலைத் தேடினாள். மேலண்ணத்தில் இல்லை. கன்னத்துப் பக்கம் இல்லை. பல்லிடுக்கில் நாக்கை விட்டுத் துழாவினாள். எங்கே போயிற்று? அப்படி ஒன்று இருந்த சுவடே இல்லை, சதையோடு சதையாகக் கரைந்து போயிருந்தது. அண்ணி, தோல் இல்லை அண்ணி என்று மனசு கூவும்போதே நாக்கடியில் பொறி விழுந்தது. விழுந்தது என்றால் சாதாரணமாக இல்லை. மஞ்சளும் பச்சையும் சிவப்பும் நீலமும் சேர்ந்து வந்தாலும் இதற்கு ஈடாகாது. உதடு எரிந்தது, காது அடைத்தது, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

மீதிக் காயை நகத்தால் பிளந்து, விதைகளை ஒன்று விடாமல் ஒரு தட்டில் வழித்தெடுத்து, காற்றில் பறக்காத இடமாகப் பார்த்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். பிறகு கூடத்துக்கு வந்தாள். முகமெல்லாம் சிவந்து, மூக்கும் கண்ணும் ஒழுக வருகிறவளைப் பார்த்துப் பெண்கள் வழி விட்டார்கள். “அடக்கி வெச்சது இப்பத்தான் வெடிச்சிருக்கு, பாவம்” என்று அதே கிழவி சொன்னாள்.

இவள் அண்ணியின் காதருகே குனிந்தாள்.

“வெள்ளை நூலு காரம் அண்ணி. இருக்கறதுலயே அதுதான் அதிகம்.” உதடு எரிந்ததில் வார்த்தை குழறியது. “ஆனா தோலு இல்ல. தேடித் தேடிப் பாத்தேன், எங்கயும் ஒட்டல. விதை எடுத்துட்டேன்.”

தலைமாட்டில் நின்றிருந்த கணவனுக்கும் அது கேட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். இப்பவாவது இனிப்புன்னு சொல்லியிருக்கலாமே என்றுதான் இருக்கும். அக்கா முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டான்.

வண்டி வந்துவிட்டது. நாலைந்து பேர் சேர்ந்து தூக்கினார்கள். கணவன் முன்பக்கம் பிடித்திருந்தான். இவள் வாசற்படி வரைக்கும் பின்னாலேயே வந்து நின்றாள். காரம் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. அது இப்போது வேறு கண்ணீர் என்பது இவளுக்குத் தெரிந்தது. இனி யார் போதும் என்று கை காட்டுவார்கள்? நினைக்க நினைக்கப் பெருகியது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். விதை வழித்த விரல்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. தூக்கிய கையைப் பாதியிலேயே இறக்கி, இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டாள். கண்ணீர் மோவாயில் வந்து சொட்டியது.

வண்டிக் கதவைச் சாத்தப் போன கணவன் திரும்பிப் பார்த்தான். சாத்தாமல் படியேறி வந்தான். தோளில் கிடந்த துண்டின் நுனியால் இவள் முகத்தைத் துடைத்தான், முதலில் ஒரு கண், பிறகு இன்னொரு கண்.

“கைய மேல கொண்டு போயிடாத” என்றான்.

“இல்லங்க” என்றாள் இவள், கைகளை நீட்டியபடியே.